மேல் பலகை மரியாதை

போன வாரம் ஜொகூர் பாருவில், ஒரு மர அறைக்குள், கைக்குட்டையைவிடக் கொஞ்சமே பெரிய துண்டு ஒன்றை மடியில் போட்டுக்கொண்டு நான் வெந்துகொண்டிருந்தேன்.

தனியாக இல்லை. எனக்கு ஒரு பலகை கீழே, அதே அளவுத் துண்டோடு, என் வருங்காலச் சம்பந்தி பரமசிவமும் வெந்துகொண்டிருந்தார்.

கதவு பூட்டியிருக்கவில்லை. லேசாகத் தள்ளினால் திறக்கும். வெளியே குளிர்ந்த காற்று, குளிர்ந்த தண்ணீர், எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக் குடிக்க பார்லித் தண்ணீர்... எல்லாம் இருந்தன. ஆனாலும் இரண்டு பேரில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஏன்?

ஏனென்றால் நாங்கள் சம்பந்திகள்!

முதலில் இருந்தே சொல்லிவிடுகிறேன். என் மகன் சுரேன் ஜொகூர் பாருவை அடுத்த கெலாங் பாத்தாவில் வாடகைக்கு வீடெடுத்துத் தங்கி, தினமும் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவன். அதே பஸ்ஸில், அதே தூக்கக் கலக்கத்தோடு, தர்ஷினி என்ற பெண்ணும் போய்வந்துகொண்டிருந்தாள். அதே ஜொகூரில் பொந்தியான் ஊர்க்காரரான பரமசிவத்தின் மகள். விடியாத நேரத்தில் குடிநுழைவு வரிசையில் நின்றுகொண்டே ஒருவருக்கொருவர் பிடித்துப்போனதென்றால், அது உண்மையான காதலாகத்தான் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் யாருக்கும் யாரையும் பிடிக்காது.

இரண்டு வீட்டுக்கும் சம்மதம். ஜாதகத்துக்கும் சம்மதம். ஒரே ஒரு விஷயம்தான் இடித்தது. கல்யாணத்தை எங்கே வைப்பது?

என் மனைவி சரோ, எங்கள் ஊரான கிள்ளானில்தான் என்றாள். ஒரே மகன். அவள் பள்ளிக்கூடத்து ஆசிரியைகள் எல்லாரும் வர வேண்டும். மண்டபம் பார்த்து வைத்துவிட்டாள். மேடைப் பூவின் நிறம்கூட முடிவாகிவிட்டது. பரமசிவமோ பொந்தியானில்தான் என்கிறார். அவர் லோரி வைத்துத் தொழில் செய்பவர். அங்கே கோயில் தலைவர்.

சரோவால் வர முடியவில்லை. பரீட்சைத் தாள் திருத்தும் வேலை. வாசலில் நின்று என் பையைக் கையில் கொடுத்தபோது சொன்னாள்:

"நீங்களே போய்ப் பேசி முடிச்சிட்டு வாங்க. ஆனா கிள்ளான்னு முடிச்சிட்டு வாங்க. இல்லன்னா அங்கயே இருந்துக்குங்க."

சரோ சாதாரணமாகச் சொல்வதற்கும் மிரட்டுவதற்கும் குரலில் வித்தியாசமே இருக்காது. கூடவே வாழ்ந்தால்தான் தெரியும்.

ஜொகூர் பாருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சந்தித்தோம். நான், பரமசிவம், நடுவில் சுரேன். தே தாரிக் வந்தது. ரொட்டி சானாய் வந்தது. கல்யாணப் பேச்சு மட்டும் வரவில்லை.

சம்பந்திகள் பேசுகிற தமிழ் தனித் தமிழ். "உங்க விருப்பம்தாங்க" என்றால் முடியாது என்று பொருள். "எங்களுக்கு ஒன்னும் இல்லீங்க" என்றால் எங்களுக்கு நிறைய இருக்கிறது என்று பொருள். நாங்கள் இருவரும் அதில் நல்ல தேர்ச்சி பெற்றவர்கள். "உங்க விருப்பம்தாங்க" என்று அவர் சொல்ல, "அப்படியெல்லாம் இல்லீங்க, நீங்க சொன்னா சரிதான்" என்று நான் சொல்ல... தே தாரிக் இரண்டாவது சுற்றும் முடிந்துவிட்டது.

"கோயில்ல எல்லாரும் எதிர்பாக்குறாங்க. நானே தலைவரா இருந்துக்கிட்டு வெளியூர்ல வெச்சா நல்லா இருக்காதுங்க" என்றார் கடைசியில். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் ரொட்டியைப் பார்த்தார். ஓகோ, தலைவர் கௌரவமா என்று நான் மனதுக்குள் முறுக்கிக்கொண்டேன்.

சுரேனுக்குப் பொறுமை போய்விட்டது.

"ப்பா, அங்கிள், ரெண்டு பேரும் ஒரே டென்ஷனா இருக்கீங்க. பக்கத்துல ஒரு பாத்ஹவுஸ் இருக்கு லா. சுடுதண்ணிக் குளம், சவுனா எல்லாம் இருக்கு. சிங்கப்பூர்க்காரங்க வீக்கெண்டானா அங்கதான் வந்து கெடக்குறாங்க. ரொம்ப மலிவு. போய் ஊறிட்டு வாங்க. அங்க பேசிக்கலாம்."

"நீ வரலையா?"

"நான் எதுக்குப்பா நடுவுல?"

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நழுவத் தெரிந்த அளவுக்கு நமக்கு ஒட்டத் தெரியவில்லை. ஆனால் எனக்கு உள்ளுக்குள் ஒரு விஷமம் முளைத்தது. வெந்நீரில் போட்டால் சுண்டல் கடலையே இளகுகிறது. கோயில் தலைவர் இளக மாட்டாரா? நன்றாக ஊறவிட்டு, உடம்பு துவண்டு கண் செருகுகிற நேரம் பார்த்து, "அப்ப கிள்ளான்லயே வெச்சிக்கலாமா சம்பந்தி?" என்று மெதுவாகக் கேட்டால்... தலையாட்டாமல் எங்கே போவார்?

உடனே சரி என்றேன். அவரும் சரி என்றார். அவர் மனதிலும் இதே திட்டம் இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

உள்ளே போகுமுன் அவர் ஓரமாகப் போய் வீட்டுக்கு போன் செய்தார். "முடிஞ்சிதா? தல சுத்தலயே? சரி, சாப்ட்டுப் படு... இல்ல, இன்னும் பேசல. பேசிடுறேன்" என்றது காதில் விழுந்தது. அங்கேயும் ஒரு சரோ இருக்கிறாள் போலிருக்கிறது, அவரையும் கட்டளை போட்டுத்தான் அனுப்பியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் பிடித்துக்கூடப் போனது.

கட்டணம் இரண்டு வாழையிலைச் சாப்பாட்டு விலைதான். ஆளுக்கொரு சின்னத் துண்டும் ரப்பர் வளையலும் கொடுத்தார்கள். வளையலில் லாக்கர் சாவி. பெண்களுக்குத் தனிப் பக்கம், ஆண்களுக்குத் தனிப் பக்கம். அதுவரை எல்லாம் சரியாகத்தான் போனது.

பரமசிவம் பையிலிருந்து கைலியை எடுத்தார். நானும் எடுத்தேன். குளிக்கப் போகிறோம் என்றதும் மகன் வண்டியிலிருந்து ஆளுக்கொரு கைலி கேட்டு வாங்கி வைத்திருந்தோம். இரண்டு தமிழர்கள் வேறு எதை யோசிப்பார்கள்? அங்கிருந்த பணியாள் ஒருவர் பணிவாகச் சிரித்து, கைலியைப் பார்த்துக் கூடாது என்று தலையை ஆட்டினார். தண்ணீருக்குள் துணி கூடாது. எந்தத் துணியும். சுவரில் படம் போட்டு எழுதியிருக்கிறது, பாருங்கள்.

பார்த்தோம். படத்தில் ஓர் ஆள் ஒன்றுமே இல்லாமல் சந்தோஷமாக நின்றுகொண்டிருந்தார். அவருக்குச் சம்பந்தி யாரும் இல்லை.

"நீங்க முதல்ல" என்றார் பரமசிவம்.

"இல்லல்ல, நீங்க" என்றேன்.

கடைசியில் ஆளுக்கொரு லாக்கர் கதவைத் திறந்து, அதற்குள் தலையை விட்டுக்கொண்டு, ஏதோ முக்கியமான பொருளைத் தேடுகிறவர்கள் மாதிரி உடை மாற்றினோம். மாற்றினோம் என்பது மரியாதைக்குச் சொல்வது. மாற்றிக்கொள்ள அங்கே வேறு ஒன்றும் இல்லை.

நகைகளைக் கழற்றி வைக்கும்படி இன்னொரு படம். சங்கிலி, மோதிரம், கைக்கடிகாரம் மூன்றையும் வரைந்து மேலே குறுக்குக்கோடு போட்டிருந்தார்கள். பரமசிவம் தடிமனான தங்கச் சங்கிலியைக் கழற்றினார். மோதிரங்களைக் கழற்றினார். இந்த மோதிரங்களை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் படத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

சுடுதண்ணீர்க் குளத்தில் ஏற்கெனவே ஒரு சீனப் பெரியவர் கழுத்தளவு மூழ்கிக் கிடந்தார். துண்டை மடித்துத் தலையில் வைத்திருந்தார். அங்கிள் லிம் என்று தானே அறிமுகம் செய்துகொண்டார். தினமும் வருகிறவராம். நாங்கள் கால் விரலை விட்டுவிட்டு எடுப்பதைப் பார்த்து, சட்டென்று இறங்கிவிடுங்கள் என்று கையைக் காட்டினார். இறங்கினோம்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள். சொர்க்கம்! காரோட்டி வந்த முதுகு, திட்டு வாங்கி வந்த மனது, எல்லாம் அப்படியே கரைந்தது. பரமசிவம் கண்ணை மூடிக்கொண்டார். இதுதான் நேரம் என்று வாயைத் திறந்தேன்.

"சம்பந்தி..."

"சொல்லுங்க."

"தண்ணி நல்லா இருக்குல்ல?"

தைரியம் வரவில்லை. இடுப்பில் வேட்டி இல்லாமல் கல்யாணப் பேச்சு பேசுவது எப்படி என்று யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

அடுத்தது சவுனா. மரத்தாலான சிறிய அறை. மூலையில் சூடான கற்கள். படிக்கட்டு மாதிரி இரண்டு பலகைகள், ஒன்று கீழே, ஒன்று மேலே. நான் கீழே உட்காரப் போனேன். பரமசிவம் பதறிவிட்டார்.

"ஐயோ, என்னங்க நீங்க! மாப்பிள்ள வீடு. மேல உக்காருங்க."

"பரவால்ல சம்பந்தி..."

"அதெல்லாம் முடியாதுங்க. நீங்க மேல இருந்தாத்தான் எனக்கு மரியாத."

மரியாதையை மறுக்கக் கூடாது. மேலே ஏறி உட்கார்ந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, சூடெல்லாம் மேலேதான் போய்த் தங்குமாம். கீழ்ப் பலகையில் அரிசி வேகும் என்றால் மேல் பலகையில் ஆட்டுக்கறி வேகும். மாப்பிள்ளை வீட்டாரை உயரத்தில் வைக்க வேண்டும் என்று நம் ஆட்கள் ஏற்படுத்தியபோது சவுனாவை யோசிக்கவில்லை.

காது மடல் எரிந்தது. மூக்குக்குள் எரிந்தது. எழுந்து போயிருக்கலாம். ஆனால் அதற்குள் நான் மனதில் ஒரு பந்தயம் கட்டிவிட்டிருந்தேன். யார் முதலில் எழுந்து வெளியே போகிறாரோ அவர் தோற்றவர். அவர் போனால் கிள்ளான், நான் போனால் பொந்தியான். இப்படி ஒரு பந்தயம் நடப்பது அவருக்குத் தெரியாது. தெரியாதவரோடு போட்டி போடுவது எவ்வளவு வசதி!

அவர் எழுந்திருக்கவில்லை.

உடம்பெல்லாம் வேர்த்து ஊற்றியது. முகம் சிவந்துவிட்டது. நடுநடுவே ஒரு பக்கமாகச் சாய்ந்தார், பிறகு மறு பக்கம் சாய்ந்தார். பல்லைக் கடித்தார். "ஸ்ஸ்..." என்றார். ஆனால் எழுந்திருக்கவில்லை. அடேயப்பா, பொந்தியானுக்காக இவ்வளவு பிடிவாதமா! எனக்கும் வீம்பு ஏறியது. சரோவை நினைத்துக்கொண்டு துண்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

அங்கிள் லிம் உள்ளே வந்தார். கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். கரண்டியில் தண்ணீர் மொண்டு கல்மேல் ஊற்றினார். புஸ்ஸென்று ஆவி கிளம்பி நேராக மேல் பலகைக்கு வந்தது.

"அலமாக்!" என்று என்னை அறியாமல் கத்திவிட்டேன்.

அவர் போய்க் குளிர்ந்த தண்ணீரில் முங்கிவிட்டு மறுபடியும் வந்தார். நாங்கள் அப்படியே உட்கார்ந்திருந்தோம். எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"லாமா சுடா! கெலுவார் லா!" என்றார். ரொம்ப நேரமாகிவிட்டது, வெளியே போங்கள் என்று மலாயில் சொல்கிறார்.

நான் பரமசிவத்தைப் பார்த்தேன். பரமசிவம் என்னைப் பார்த்தார். ஒருவரும் அசையவில்லை.

லிம் இடுப்பில் கை வைத்தார். "யாங் மானா போஸ்?" என்று கேட்டார். உங்கள் இருவரில் யார் முதலாளி? முதலாளி எழுந்தால்தான் மற்றவர் எழுவார் என்று அந்த மனிதருக்கு எப்படியோ புரிந்துவிட்டது.

நான் பரமசிவத்தைக் காட்டினேன். அதே நேரத்தில் பரமசிவம் என்னைக் காட்டினார்.

லிம் விழுந்து விழுந்து சிரித்தார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. யார் மாப்பிள்ளை வீடு, யார் பெண் வீடு என்று எங்களைப் பார்த்து யாரால்தான் சொல்ல முடியும்? பட்டு வேட்டி இல்லை. தங்கச் சங்கிலி இல்லை. தாம்பாளத் தட்டு இல்லை. இரண்டு தொப்பைகள் இருந்தன. அதிலும் அவருடையதுதான் பெரியது.

லிம் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் வெளியே, உடனே! எழுந்தோம். வாசல் வரை சேர்ந்தே வந்தோம்.

"நீங்க முதல்ல போங்க" என்றார் பரமசிவம்.

"சேச்சே, நீங்க போங்க" என்றேன்.

"சூடு போகுது! சூடு போகுது!" என்று லிம் மலாயில் கத்த ஆரம்பித்ததும், இரண்டு பேரும் ஒன்றாகக் கால் வைத்து, தோளோடு தோள் வாசலில் சிக்கி, அவர் பின்னாலிருந்து தள்ள, வெளியே வந்து விழுந்தோம். பந்தயத்தில் யார் ஜெயித்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

குளிர்ந்த தண்ணீர்த் தொட்டிப் படியில் உட்கார்ந்தபோதுதான் அதைப் பார்த்தேன். பரமசிவத்தின் இடுப்பைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு. அதன்மேல் வெள்ளி அரைஞாண்.

என் இடுப்பில் இருப்பது வெறும் கறுப்புக் கயிறு. அது சுடாது. அவருடையது நல்ல கனமான வெள்ளி. அந்தப் படத்தை வரைந்தவர் சங்கிலியை வரைந்தார், மோதிரத்தை வரைந்தார், கடிகாரத்தை வரைந்தார், அரைஞாணை வரையவில்லை. உலகத்தில் அப்படி ஒன்று உண்டு என்று அவருக்கு எப்படித் தெரியும்? பரமசிவத்துக்கோ அது நகை என்றே தோன்றவில்லை. அது உடம்போடு சேர்ந்தது.

"என்னாங்க இது! இப்படிச் சுட்டிருக்கு. எந்திரிச்சி வெளிய வந்திருக்கலாமே?"

"நீங்க உக்காந்திருக்கீங்களே" என்றார். "பொண்ணக் குடுக்குறவன் நான் எப்படிங்க முதல்ல எந்திரிக்கிறது?"

அவ்வளவுதான். பிடிவாதம் இல்லை, கோயில் தலைவர் கௌரவம் இல்லை. நான் மேலே பந்தயம் கட்டிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அந்த மனிதர் கீழே மரியாதைக்காக வெந்துகொண்டிருந்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இத்தனை நேரம் துணியில்லாமல் இருந்ததற்கு வராத வெட்கம் அப்போது வந்தது.

தண்ணீரை அள்ளி அவர் இடுப்பில் விட்டேன். அவர் தடுக்கவில்லை. பிறகு சம்பந்தித் தமிழை விட்டுவிட்டு, சாதாரணத் தமிழில் பேசினார்.

"கோயிலெல்லாம் இல்லீங்க. எங்க வீட்டம்மாவுக்கு ரெண்டு சிறுநீரகமும் போச்சி. வாரத்துல மூணு நாளு டயாலிசிஸ். இன்னிக்கும் அதான். கிள்ளான் வரைக்கும் அவ்ளோ தூரம் காருல வந்தா மறுநாளு எந்திரிக்க மாட்டா. மக கழுத்துல தாலி ஏறுறத அவ பாக்கணும்ல... அதான் பொந்தியான், பொந்தியான்னு நின்னேன்."

"இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே சம்பந்தி?"

"அவதான் சொல்லக் கூடாதுன்னா. சீக்குக்காரி மகளுன்னு பொண்ணுக்கு ஒரு பேரு வந்துடுமாம். மாப்பிள்ளைக்கிட்டகூட சத்தியம் வாங்கிட்டா."

நழுவினான் என்று நினைத்தேனே, என் மகன். சத்தியத்தை மீறாமல் எங்கள் இருவரையும் எங்கே கொண்டுபோய் விட்டான் பாருங்கள். 

"முடிஞ்சிதா? தல சுத்தலயே?" என்று போனில் கேட்டது நினைவுக்கு வந்தது. குளிர்ந்த தண்ணீரில் பற்கள் தடதடக்க, என் வாழ்க்கையின் மிகத் துணிச்சலான வாக்கியத்தைச் சொன்னேன்.

"கல்யாணம் பொந்தியான்லதான்."

"உங்க வீட்டம்மா...?"

"அது என் பொறுப்பு."

சொல்லிவிட்டு நானே அதிர்ந்துபோனேன். பரமசிவம் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது; தண்ணீர் என்று இருவரும் ஒப்புக்கொண்டோம். எட்ட நின்று பார்த்த அங்கிள் லிம், எதற்கென்றே தெரியாமல் கட்டை விரலை உயர்த்தினார். மூவரும் உட்கார்ந்து பார்லித் தண்ணீர் குடித்தோம். அவரைக் கல்யாணத்துக்கு அழைத்திருக்கிறோம். துணியோடு வந்தால் எங்களுக்கு அடையாளம் தெரியுமா என்பதுதான் கவலை.

உடை மாற்ற லாக்கருக்கு வந்தபோது, "சம்பந்தி, நான் பத்திரிகையில வாரா வாரம் பத்தி எழுதுறவன். இத எழுதலாமா? வீட்டம்மாவக் கேட்டுச் சொல்லுங்க" என்றேன். அங்கேயே போன் போட்டுக் கேட்டார். நெடுநேரம் பேசிவிட்டுத் திரும்பியவர், அந்தச் சின்னத் துண்டைச் சரிசெய்துகொண்டே சொன்னார்:

"எழுதச் சொல்லிட்டா. இனிமே உங்ககிட்ட மறைக்க என்னாங்க இருக்கு?"

வீட்டுக்கு வந்து சில நாளாகிறது. "என்னாச்சு?" என்று சரோ கேட்கும்போதெல்லாம் "பேசிக்கிட்டிருக்கோம்" என்று சம்பந்தித் தமிழில் பதில் சொல்லி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். காரணம் தெரிந்தால் அவளே பொந்தியான் என்றுதான் சொல்வாள். அவள் மனது எனக்குத் தெரியும். ஆனால் அவளைக் கேட்காமல் நான் வாக்குக் கொடுத்துவிட்டேனே, அது வேறு வழக்கு. அந்த மேடைப் பூவின் நிறத்துக்கு யார் பதில் சொல்வது?

இந்தப் பத்தியின் முதல் வாசகி அவள்தான். ஞாயிற்றுக்கிழமை காலை காப்பியோடு உட்கார்ந்து, எழுத்துப் பிழை பார்த்துக்கொண்டே படிப்பாள்.

சரோ, இந்த வரிக்கு வந்துவிட்டாயா? நான் வீட்டில் இல்லை. தேட வேண்டாம். ஏதாவது ஒரு சவுனாவில், மேல் பலகையில் உட்கார்ந்திருப்பேன். இப்போதைக்கு அங்கேதான் சூடு குறைவு.